கூரையில் துளை போட்ட ரயில் பெட்டி

அலோர் காஜா வட்டாரத்தில் லாரிக்கு பாடி கட்டுகிறவர்கள் பலர் உண்டு. ஆனால் திருச்செல்வம் கட்டிய பாடி என்றால் ரோட்டில் போகும்போதே தெரிந்துவிடும் என்பார்கள். அப்படிச் சொல்கிறவர்களில் முதல் ஆள் திருச்செல்வமேதான். சொன்னால் என்ன தப்பு? எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றுபோய், 'தவுக்கே' என்று கூப்பிடும் சீன முதலாளியின் பட்டறையில் இரும்புத்தூள் கூட்டி, ஏச்சு வாங்கி, பிறகு சொந்தப் பட்டறை போட்ட மனிதர். எழுத்தைக் கூட்டிக் கூட்டித்தான் படிப்பார். இரும்பு அப்படியில்லை, பார்த்த மாத்திரத்தில் அதன் சங்கதியைச் சொல்லிவிடுவார்.

அப்பேர்ப்பட்டவரை ஒரு முழ நீளப் பொம்மை ரயில் பெட்டி திணற அடித்தது.

பெட்டி, அவருடைய தங்கை ராமாத்தாளின் கணவர் சேகரனுடையது. ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுத்து ஓய்வு பெற்ற சேகரன், பாயா ரும்புட் வீட்டில் அடுப்படியிலிருந்து கூடம் வரைக்கும் தண்டவாளம் போட்டு ரயில் விட்டுக்கொண்டிருந்தார்.

"பென்சன் காச வாங்கிக்கிட்டு பிள்ள விளையாட்டு" என்று திருச்செல்வம் கேலி செய்வார்.

"மச்சான் கட்டுன லாரியெல்லாம் என் ரயிலு போறவரைக்கும் ரயில்வே கேட்டுல நின்னுதான் ஆகணும்லா" என்று சேகரன் திருப்பிக் கொடுப்பார்.

இப்போது சேகரன் இல்லை. கருமாதியும் முடிந்துவிட்டது. இனிப்புநீர் என்கிற சர்க்கரை வியாதியில் பார்வை போன ராமாத்தாளைத் தன்னோடு வைத்துக்கொள்ள மகன் நிவேந்திரன் ஞாயிற்றுக்கிழமை ஜொகூரிலிருந்து வருகிறான். வீடும் கை மாறப்போகிறது. போவதற்குள் அவள் அண்ணனிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அண்ணே, அவரு ரயிலு நின்னு போச்சு. ஒரே ஒரு தடவ ஓட விடுங்கண்ணே. அந்தச் சத்தத்தக் கேட்டுட்டுப் போயிடறேன்."

"இவ்வளவுதானா? அண்ணன்கிட்ட சொல்லிட்டல்ல, முடிஞ்சதுன்னு வச்சுக்க."

எஞ்சினில் ஒரு வயர் கழன்றிருந்தது. அதை அங்கேயே சரி செய்துவிட்டார். பின்னால் மாட்டியிருந்த பெட்டியைக் கையில் எடுத்தபோதுதான் முகம் சுளித்தார். நடுக்கூரையில் ஐம்பது காசு அகலத்துக்கு ஒரு துளை. உள்ளே இருக்கைகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, பழைய வெல்வெட் துணி ஒட்டியிருந்தது. போதாக்குறைக்கு ஒரு சக்கரத்தின் விளிம்பில் ஓரிடத்தை அரத்தால் தட்டையாக ராவியிருந்தது. பெட்டியைப் பட்டறைக்கே கொண்டுவந்துவிட்டார்.

"இது என்னடா சுப்பா?" என்று பெயிண்ட் அடிக்கும் சுப்பனிடம் நீட்டினார்.

"உண்டியலா இருக்கும் தவுக்கே."

"ஓடுற உண்டியலா? போடா."

"அப்ப, காத்துப் போறதுக்கு."

"உள்ள யாரு, உங்க மாமனா உட்காந்துருக்காரு?"

துளை வெட்டின கை சுத்தமான கை. ஓரத்தில் பிசிறில்லை. அவ்வளவு நேர்த்தியாக வெட்டத் தெரிந்தவர் ஏன் சக்கரத்தைக் கெடுத்தார்? தங்கையிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் இரும்பைப் பற்றி இன்னொருவரிடம் கேட்பது திருச்செல்வத்தின் வழக்கமில்லை. கடைசியில், வயதான காலத்தில் மாப்பிள்ளைக்கு மூளை கொஞ்சம் பிசகியிருக்க வேண்டும் என்று முடிவு கட்டினார். மனம் கனத்தது. செத்தவருடைய வேலையை நாலு பேர் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்று தாமே லேத்தில் உட்கார்ந்து நான்கு சக்கரங்களையும் வட்டமாகக் கடைந்தார். துணியைச் சுரண்டி எறிந்தார். துளையைத் தகரத்தால் மூடி, சுப்பனை விட்டு பெயிண்ட் அடிக்கச் சொன்னார். பெட்டி கடையில் வாங்கினது போலப் பளபளத்தது.

சனிக்கிழமை பொழுது சாயும் நேரம், ராமாத்தாள் கூடத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். அடுப்படியிலிருந்து திருச்செல்வம் ரயிலை விட்டார். வெண்ணெயில் கத்தி இறங்கினது போலச் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

"எப்ப விடுவீங்கண்ணே?" என்றாள் அவள்.

"உன் காலடியில வந்து நிக்குது பாரு."

அவள் குனிந்து தடவினாள். விரல்கள் கூரையின் நடுவில் தேடின. மறுபடியும் தேடின.

"இது அவரு வண்டி இல்லண்ணே. மருந்து எடுக்கற ஓட்ட எங்க?"

"மருந்தா?"

"கண்ணு போனதுக்கப்புறம் வேள தவறாம இதுலதான் மாத்திர அனுப்புவாரு. டொக்கு, டொக்குன்னு வரும். பக்கத்துல வந்ததும் கைய நீட்டுவேன். 'அம்மா, ஸ்டேசன் வந்திருச்சு, இறக்கிக்குங்க'ம்பாரு." அவள் குரல் தேய்ந்தது. "அந்தச் சத்தம் எங்கண்ணே?"

அந்தச் சத்தம் பட்டறைத் தரையில், லேத்தில் சீவிய இரும்புச் சுருளாகக் கிடந்தது. எத்தனையோ லாரி கட்டிய கை, அன்றைக்கு ஒன்றுக்கும் ஆகாத கையாக மடியில் கிடந்தது.

"நான்தான் தாயி கெடுத்துட்டேன்" என்றார். "பழுதுன்னு நெனச்சுட்டேன்."

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எனக்குக் கேக்கறதுக்குன்னேதான் சக்கரத்த ராவுனாரு. அரம் வச்சிருக்கீங்களா? சத்தத்த நான் கேட்டுச் சொல்றேன்."

காரிலிருந்து அரத்தை எடுத்து வந்தார். தகரத்தைப் பெயர்த்துத் துளையைத் திறந்தார். பிறகு, நல்ல சக்கரம் ஒன்றைத் தெரிந்தே கெடுக்க ஆரம்பித்தார். ராவினார், ஓட்டினார்.

"இல்லண்ணே."

ராவினார், ஓட்டினார்.

"சத்தம் அதேதான். ஆனா அவசரப்படுது. அவரு வண்டி நெதானமா வரும்."

கடைந்ததில் சக்கரம் சிறுத்துவிட்டது, அதனால் சீக்கிரம் சுற்றுகிறது. அது அவருக்கு உடனே விளங்கியது. போன இரும்பை இனி ஒட்ட முடியாது. விசையை மெல்லத் திருப்பி ரயிலின் வேகத்தைக் குறைத்தார். டொக்... டொக்... ராமாத்தாள் மூச்சை அடக்கிக் கேட்டாள். தலை அசைந்தது.

திருச்செல்வம் அவளுடைய ராத்திரி மாத்திரையைத் துளைக்குள் போட்டு, அடுப்படியிலிருந்து மறுபடியும் விட்டார். ரயில் முன்னைவிட மெதுவாகத்தான் வந்தது. பழகின கணக்கில் அவள் கையை நீட்டிவிட்டாள். வண்டி இன்னும் சற்றுத் தூரத்தில் இருந்தது. நீட்டிய கையை அவள் மடக்கவில்லை. சத்தம் வந்து சேரும் வரைக்கும் அப்படியே காற்றில் பிடித்திருந்தாள்.

'ஸ்டேசன் வந்திருச்சு' என்று சேகரனைப் போலச் சொல்லத் திருச்செல்வம் வாயெடுத்தார். வரவில்லை. அவளே தடவி மாத்திரையை எடுத்து விழுங்கினாள்.

"போதும்ண்ணே" என்றாள். "தண்டவாளத்தக் கழட்டிடுங்க."