லட்சுமணசாமியின் கழுத்தும் அவருடைய மரியாதையும்

2024 நவம்பர் 18, திங்கட்கிழமை. விடிந்தது முதல் தூறல். பெரியநாயக்கன்பாளையத்தில் வெயில் தலைகாட்டவே இல்லை. அன்று முற்பகல் தம் கழுத்தை இரண்டாம் முறை திருகிக்கொள்ள லட்சுமணசாமி முன்பதிவு செய்திருந்தார்.

பம்புசெட் உதிரிபாகம் கடையும் லேத் பட்டறை அவருடையது. காலமெல்லாம் குனிந்தே வேலை பார்த்ததன் பரிசு, கழுத்துவலி. மனிதர் மகா மரியாதைக்காரர். சம்பந்தி வீட்டில் புளித்துப்போன குழம்பை ஊற்றியபோதும், "நல்லா இருக்குதுங்க" என்று மறுமுறை கேட்டு வாங்கி உண்டு, இரண்டு நாள் படுத்த பெருமை அவருக்கு உண்டு.

கைப்பேசிக் காணொளியில் ஒருவர் இன்னொருவரின் கழுத்தைச் சடாரெனத் திருப்ப, 'மடக்' என்ற ஒலி எழ, படுத்திருந்தவர் ஆனந்தக் கண்ணீர் வடித்தார். இத்தகைய சான்று கிடைத்த பிறகு மருத்துவரை நாடுவது வீண் அல்லவா? கோவையில் அவ்வித்தை செய்யும் நிலையம் ஒன்றுக்கு முந்தைய வாரம் லட்சுமணசாமி சென்றார். குளிர்சாதன அறை, மெல்லிசை, சிரித்த முகத்துடன் ஓர் இளைஞர். மடக்! கூரை சுழன்றது.

"எப்படி இருக்குதுங்க சார்?"

"நல்லா இருக்குதுங்க."

அத்துடன் மரியாதை முடிந்துவிடவில்லை. வீட்டிலும் தலைசுற்றலைச் சொல்லவில்லை. நிலையத்தாருக்கு அவப்பெயர் வந்துவிடுமே!

திங்களன்று அவர் புறப்படும்போது மனைவி வெங்கடலட்சுமி வழிமறித்தார். "ஏனுங்க, கயல்விழிகிட்ட ஒருக்கா காமிச்சுப்போட்டுப் போலாங்க. கழுத்து உங்களுதுதானுங்க, படுத்துட்டா கஞ்சி ஊத்தறது நானுங்க."

வெங்கடலட்சுமியின் மூட்டுவலியைத் தணித்த பிசியோதெரபிஸ்ட் கயல்விழி. இருவரும் முதலில் அவரிடம் போனார்கள். கயல்விழி உடனே கழுத்தைத் தொடவில்லை. நடந்த கதையைக் கேட்டார்.

"கழுத்தெலும்பு வழியா மூளைக்கு ரத்தக்குழாய் போகுதுங்கண்ணா. சடார்னு திருப்பினா, எப்பவோ ஒருத்தருக்கு அது கிழிஞ்சுபோயிரும். பக்கவாதம் வரலாமுங்க."

"சத்தம் வந்தாத்தானே அம்மணி எலும்பு எடத்துல உக்காரும்?"

"நெட்டி முறிச்சாக்கூடத்தான் சத்தம் வருது. எந்த விரலுக்குங்க வைத்தியமாச்சு?"

"அப்ப நீ என்னதான் கண்ணு செய்வே?"

"சூடு ஒத்தடம், மெதுவா அசைக்கற பயிற்சி, பட்டறையில குனியாம வேலை செய்ய உசரமான மேசை. கொஞ்ச வாரம் ஆகுமுங்க. மடக்கெல்லாம் வராதுங்க."

ஒலியே எழாத வைத்தியமா! லட்சுமணசாமியின் முகம் வாடியது. அதைப் பற்றிப் பட்டறையில் என்னவென்று பெருமை பேசுவது?

"அதுக்கு முன்னால ஒண்ணு கேக்கறேனுங்க. அங்க திருப்பினதுக்கப்புறம் தலை சுத்துச்சுங்களா? சுத்தியிருந்தா எங்கிட்டயும் வேலை இல்லீங்க, நேரா ஆஸ்பத்திரிக்குத்தான்."

"நல்லா..." என்பது வரை வழக்கம்போல் வந்துவிட்டது. பேச்சை முடித்துக்கொண்டு கிளம்பலாம் என எழுந்தவர், சுவர் நகர்வதைக் கண்டு நாற்காலியைப் பற்றினார். வெங்கடலட்சுமி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

கயல்விழி மறுபடியும் கேட்டார். "தலை சுத்துச்சுங்களாண்ணா?"

"சுத்துச்சு அம்மணி. இப்பவும் சுத்துது."