எடுக்காத குடல்வால்

திருமுடிவாக்கத்தில் என் கணவர் வேலை செய்யும் கம்பெனியில் மெடிக்ளெய்ம் உண்டு. குழந்தையின்மை சிகிச்சைக்கு மட்டும் கிடையாது. அதனால், எனக்கு அதற்காகச் செய்த லேப்ராஸ்கோப்பியை ‘குடல்வால் அகற்றம்’ என்று டாக்டரிடம் கெஞ்சி எழுதி வாங்கினோம்.

இரண்டு வருடம் கழித்து அடிவயிற்றில் உயிர்போகும் வலி. தாம்பரத்தில் அதே ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். புது டாக்டர் பழைய ஃபைலைப் புரட்டினார். "அப்பெண்டிக்ஸ்தான் எடுத்தாச்சேம்மா, இது வெறும் கேஸ் ட்ரபிள்தான்." வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.

வாசல்வரை போன என் கணவர் திரும்பினார். "சார், அது பொய் சார். இவளுக்கு அதை எடுக்கவே இல்ல."

உடனே ஆபரேஷன். குடல்வால் வெடிக்க இருந்ததாம்.

குழந்தைக்கான சிகிச்சை இன்னும் தொடர்கிறது. இப்போது மெடிக்ளெய்ம் படிவத்தில் ‘குழந்தையின்மை’ என்றே எழுதுகிறேன். ‘இது நோயில்லை’ என்று திருப்பி அனுப்புகிறார்கள். அதே வார்த்தையை இன்னும் பெரிதாக எழுதி மறுபடி அனுப்புகிறேன்.