பல்லால் சீவிய கரும்பு

இன்று காலை, எங்கள் உயிரியல் பூங்காவில் புதிதாகச் சேர்ந்த வேலையாள்மேல் நீலகிரித் தைலம் மணத்தது. முகக்கவசம் போட்டிருந்தும் அவனை மனிதக்குரங்குக் கூண்டுப் பக்கம் நான் விடவில்லை.

எங்கள் ஊர் சாலவாக்கத்தில் இப்போது மனைக்கற்கள் நிற்கும் இடம், நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அறுவடை முடிந்த வயல். அங்கேதான் சர்க்கஸ் கூடாரம் போட்டிருந்தார்கள். வைக்கோலும் மூத்திரமும் நாறும் கம்பிக்கூண்டுக்குள், தட்டியில் ‘கொரில்லா’ என்று எழுதிவைத்திருந்த சிம்பன்சி உட்கார்ந்திருக்கும். பள்ளிக்கூடம் விட்டதும் மூக்கு ஒழுக ஒழுக ஓடுவேன். தம்பிக்குக் கொடுப்பதுபோலவே, கரும்பைப் பல்லால் தோல் சீவி, துண்டாகக் கடித்தெடுத்து அதன் கையில் வைப்பேன்.

நாலாம் நாள் அது இருமிக்கொண்டிருந்தது, வயசானவர்கள் இருமுவதுபோல. கூண்டைக் கவனித்துக்கொண்ட உள்ளூர்க்காரர் அதன் நெஞ்சில் நீலகிரித் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“உனுக்கு சளி புடிச்சிக்கீதா பாப்பா? நம்ம சளி ஒட்டிக்கினா இது தாங்காது.”

ஒழுகும் மூக்கை உறிஞ்சினால் தெரிந்துவிடுமே என்று மூச்சை அடக்கிக்கொண்டு, இல்லையென்று தலையாட்டினேன்.

அவர் நம்பிவிட்டார். அதுவோ என்னைப் பார்த்ததும், இருமிக்கொண்டே கம்பிக்கு வெளியே கையை நீட்டியது, கரும்புக்காக.