சாளைக்கு ஒப்பு

1984 மார்ச் ஐந்தாம் தேதி காலை, மார்பில் செய்த அறுவையின் தையல் ஆறியபின், சரோஜம் முதல் டாமாக்சிஃபென் மாத்திரையை விழுங்கினாள். அன்று மதியமே அவள் தட்டிலிருந்து மீன் மறைந்தது.

மறைத்தவள் தம்பி மனைவி ராஜபாய். மருந்து என்றால் பத்தியம் என்பது அவள் சட்டம். மீன், புளி, பாவற்காய், சக்கைப்பழம் எதுவும் ஆகாது. மாத்திரையோ குறைந்தது இரண்டு வருடம். இரண்டு வருடக் கஞ்சியை எண்ணிப் பார்த்த சரோஜத்துக்கு நோயைவிட அது பெரிதாகத் தெரிந்தது. மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று இருமுறை நினைத்தாள். இருமுறையும் தேதியிட்டுக் குறித்தும் வைத்தாள்.

குறிப்பது அவள் வழக்கம். 1961-இல் அவளுடைய விண்ணப்பம் அலுவலகத்தில் காணாமற்போக, பதவி உயர்வு இன்னொருவருக்குப் போயிற்று. பழைய புத்தகம் ஒன்றை வைத்துத் தானே தட்டச்சு பழகி, அதன்பின் எதற்கும் நகல் வைத்தாள். பஸ் டிக்கெட்டைக்கூட எறிந்ததில்லை.

ஆறு வருடங்களுக்கு முன், மாதவிலக்கு நின்ற காலத்தில் வந்து முறைப்படி விடைபெற்றுப்போன உடற்சூடு, மாத்திரை தொடங்கிய மூன்றாம் வாரம் திரும்பி வந்தது. ஜெபக்கூட்டத்தின் நடுவே கழுத்திலிருந்து அனல் ஏற, பாட்டுப்புத்தகத்தால் விசிறிக்கொண்டாள். யார் கொடுத்த பப்படத்தைத் தின்றாள் என்று ராஜபாய் விசாரித்தாள்.

சரோஜம் ஒரு நோட்டில் நாற்பது நாள் கணக்கெடுத்தாள்: அனல் வந்த நேரம், அதற்குமுன் தின்றது. கடுமையானவை மூன்றும் வெறும் கஞ்சிக்குப் பின்னே வந்திருந்தன.

மாத்திரை எழுதிக்கொடுத்த டாக்டர் சத்தியதாஸ், வெளியே வரிசை இருமிக்கொண்டிருக்க, நோட்டு முழுவதையும் படித்தார். மார்பிலிருந்து அறுத்தெடுத்த கட்டி பெண் ஹார்மோனைத் தின்று வளர்வது. மாத்திரை அதை வழிமறிக்கிறது. அனல் அதனால்தான், உணவால் அல்ல. எக்காரணம் கொண்டும் நிறுத்தக்கூடாது என்றார். சரோஜம் எழுத்தில் கேட்டாள். மீன் சாப்பிடலாம் என்று எழுதி முத்திரையிட்டார்.

ராஜபாய் அந்தத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“மீனுன்னுதான் எழுதியிருக்காரு மைனி. சாளைன்னு எழுதல்லியே. சாளை உடம்புக்குச் சூடுல்லா.”

அடுத்த முறை சரோஜம் பட்டியலே தட்டச்சு செய்து கொண்டுபோனாள்: சாளை, அயலை, நெத்தோலி, சூரை, நெய்மீன். ஒவ்வொன்றின் எதிரிலும் கையொப்பமிட்டு வந்த டாக்டர் கடைசியில் நிறுத்தினார்.

“கணவாய் விட்டுப்போச்சே சேச்சி,” என்று தம் கையாலேயே எழுதிச் சேர்த்தார்.

பட்டியலை இருமுறை படித்த ராஜபாய் அடுக்களைப் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

“எங்கம்மை மருந்து குடிச்சுக்கிட்டிருக்கும்போ ஒரு துண்டு மீன் கேட்டா. குடுத்தேன். செத்த வீட்டுல எல்லாரும் என்னையத்தான் பாத்தாவ. உங்களுக்கு ஒண்ணு வந்தா உங்க தம்பி என்னைய என்ன சொல்லுவாவ?”

 உனக்கு என்ன வேண்டும் என்று சரோஜம் கேட்டாள்.

“நீங்களா கேட்டுத் தின்னியன்னு எழுதித் தாருங்க. ஒப்பும் போடணும்.”

அந்த வீட்டில் தாளின் அருமை தெரிந்த இன்னொரு ஆள் இருப்பதைச் சரோஜம் அன்றுதான் கண்டாள். கார்பன் வைத்து இரண்டு பிரதி அடித்தாள், இருவரும் ஒப்புப் போட்டார்கள்.

மறுநாள் விழிஞ்ஞம் கடற்கரையிலிருந்து வந்த சாளை அடுப்பில் கொதித்தது. சரோஜம் தட்டின் முன் உட்கார்ந்ததும் அனல் ஏறியது. எழுந்துபோய் நோட்டை எடுத்துவந்தாள்: 12.50, மீனுக்கு முன்.

ராஜபாய் கடிகாரத்தைப் பார்த்து, சரிதான் என்று பக்கத்தில் ஒப்புப் போட்டுவிட்டு, பிறகுதான் அகப்பையை எடுத்தாள்.