வியாழக்கிழமை எரியாத விளக்கு

1. ஏற்றத்தில் மெதுவாகும் வண்டி

என்ஜினும் பேட்டரியும் சேர்ந்து ஓட்டும் சுடலைமுத்துவின் ஹைப்ரிட் பிக்கப் ஒருநாளும் வழியில் நின்றதில்லை. ஆனால் ஆரியங்காவு மலை ஏற்றத்தில் எச்சரிக்கை விளக்கு எரியும். பேட்டரியின் உதவி குறைந்து வண்டி மெதுவாகும். சங்கரன்கோவிலில் ஏற்றிய மல்லிகை புனலூர் சந்தைக்கு நாற்பது நிமிடம் பிந்திப் போய்ச் சேரும்.

"பூ ஏவாரி சொல்லிட்டாரு அண்ணாச்சி. இன்னொரு தடவ லேட்டானா வேற வண்டியாம். ரெண்டு மோட்டார் வச்ச வண்டிக்கு வியாதியும் ரெண்டுன்னு சிரிக்காரு," என்றார் சுடலைமுத்து.

நான் அப்போது வண்டி விற்ற கம்பெனியில் சர்வீஸ் சூப்பர்வைசர். ஓய்வு பெற ஐந்து மாதம் இருந்தது. மேனேஜர் பேட்டரியையே மாற்றச் சொன்னார். ஸ்கேன் டூலில் பேட்டரி சூடு அதிகம் என்று ஒரே ஒரு பழுதுக் குறியீடு. பேட்டரிக்குள் செல்கள் எல்லாம் நல்ல நிலையில் இருந்தன. பழுது வேறெங்கோ இருந்தால் புதிய பேட்டரியும் சூடாகும். சுடலைமுத்து லோடை இழப்பார்.

2. இருபத்தொரு நடை

அவருடைய டிரிப் ஷீட்டை வாங்கிக் கடைசி இருபத்தொரு நடையை எண்ணினேன். விளக்கு எரிந்தது பதினான்கு. எரியாத ஏழில் நான்கு மழை பெய்து குளிர்ந்த நாள். மற்ற மூன்றும் வியாழக்கிழமை.

"வியாழக்கிழமை என்ன வே செய்தீரு? லோடு கம்மியா?"

"அதே லோடு, அதே ரோடு."

உடன் வந்திருந்த அவர் மனைவி பேச்சியம்மாள் சொன்னார்: "அன்னைக்குத்தான் நான் மெத்தையத் துவைப்பேன். வெள்ளிக்கிழமை வண்டி சுத்தமா இருக்கணும்லா."

"என்ன மெத்தை?"

பின்கதவைத் திறந்து காட்டினார். ஐந்து பழைய சேலைகளை மடித்துத் தைத்த மெத்தை, பின்சீட்டிலிருந்து தரைவரை தொங்கியது. முதுகில் ஆபரேஷன் செய்தவர் சுடலைமுத்து. பூவை இறக்கியதும் அதில் ஒரு மணி நேரம் படுத்துவிட்டுத்தான் திரும்புவார்.

மெத்தையின் ஓரத்தைத் தூக்கினேன். சீட்டுக்கு அடியில், பேட்டரிக்குக் காற்று இழுக்கும் கிரில். துணி அதை முழுக்க அடைத்திருந்தது.

பேச்சியம்மாள் முகம் வாடிவிட்டது. "நான் தச்சதாலயா அண்ணாச்சி இவ்வளவும்? மொதல்ல இதத் தூக்கிப் போடுங்க."

"ஏட்டி, அதுல கை வைக்காத," என்றார் சுடலைமுத்து. "அது இல்லாத வியாழக்கிழமை திரும்ப ஓட்டிட்டு வர நான் படுற பாடு எனக்குத்தான் தெரியும்."

வண்டியை டெலிவரி கொடுத்த அன்று நான் பதினான்கு விஷயங்களை விளக்கி டிக் அடித்திருந்தேன். இந்தக் கிரில் அதில் இல்லை.

"உங்க மேல தப்பில்லம்மா," என்றேன். "காத்துப் போற வழியக் காட்டாம விட்டது நான்."

பேச்சியம்மாள் கத்தரிக்கோல் கேட்டார். கஸ்டமர் பெஞ்சில் உட்கார்ந்து, கிரில்லை மறைத்துத் தொங்கிய பக்கத்தில் ஆறு விரற்கடை வெட்டி, ஓரத்தை மடித்துத் தைத்தார். நாங்கள் கிரில்லையும் ஃபேனையும் சுத்தம் செய்தோம்.

3. போன்

மறுநாள் கடும் வெயில். ஏற்றத்தில் ஓட்டிக்கொண்டிருப்பாரே என்று நானாகக் கூப்பிடவில்லை. கடிகாரத்தை முப்பது தடவையாவது பார்த்திருப்பேன். கடைசியில் அவரே கூப்பிட்டார்.

"நேரத்துக்கு எறக்கியாச்சு அண்ணாச்சி. லைட்டு எரியல. மெத்தையிலதான் படுத்திருக்கேன். நீங்களே வீட்டுக்கு ஒரு வார்த்த சொல்லிருங்க. நான் சொன்னா, சமாதானத்துக்குச் சொல்லுதேன்னு நெனைப்பா."

சொன்னேன். பேச்சியம்மாள் இரண்டு முறை திரும்பக் கேட்டார். இரண்டு முறையும் சொன்னேன்.

ஹைப்ரிட் வண்டி சூடாகிறது என்று வந்தால், பேட்டரியைச் சந்தேகிக்கும் முன் பின்சீட்டைப் பாருங்கள். அங்கே எது விரித்திருந்தாலும், யார் யாருக்காக விரித்தது என்று கேட்டுவிட்டுக் கை வையுங்கள்.