பேச்சக்கா தனக்கே சொன்ன சேதி

பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. ஆனால் அந்த ஊரில் நம் மொழி பேசுகிறவர்கள் எல்லாரும் அவரைப் பேச்சக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் சொல்வதை நோயாளிக்கும், நோயாளி சொல்வதை டாக்டருக்கும் மாற்றிச் சொல்வது அவர் வேலை. ஊருக்கு ஒரு மொழி, நம்மவர்களுக்கு ஒரு மொழி. நம்மவர்களோ கைப்பிடி அளவு ஜனம். அதனால் மூட்டுவலி என்றாலும் பிரசவம் என்றாலும் பேச்சக்கா வந்து நின்றால்தான் காரியம் நடக்கும். "முதுகுல எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு, ஆனா எறும்பு இல்லை" என்று ஒருவர் புலம்பினால், அதையும் டாக்டருக்கு விளங்குகிறபடி சொல்லிவிடுவார். ஒரு விஷயத்தில் மட்டும் படு கறார். டாக்டர் 'நான்' என்றால் இவரும் 'நான்' என்பார். கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார்.

ஆள் ஒல்லி. லிஃப்ட் பக்கமே எட்டிப் பார்க்க மாட்டார். அவர் படியேறும் வேகத்துக்குப் பின்னால் வருகிற இளம் டாக்டர்களுக்கு மூச்சு வாங்கும். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஒருநாள் இதய டாக்டரம்மா அவரைக் கூப்பிட்டார். நம்மவர்களுக்கு மற்றவர்களைவிடச் சின்ன வயதிலேயே மாரடைப்பு வருகிறது, ஸ்ட்ரெச்சரில் வரும்வரை யாரும் கொலஸ்ட்ரால் பார்ப்பதில்லை என்று வருத்தப்பட்டார். சனிக்கிழமைகளில் சமூகக் கூடத்தின் மாடியில் இலவசமாகச் சோதிக்கலாம், ஆட்களை அழைத்து வருவது உங்கள் பொறுப்பு என்றார். பேச்சக்கா அன்றே ஆரம்பித்துவிட்டார். போன் போட்டார், கடை வாசலில் நின்று பிடித்தார். கேட்டவர்கள் எல்லாரும் வந்துவிடுகிறோம் என்று சத்தியம் பண்ணாத குறை.

முதல் சனிக்கிழமை டாக்டரம்மாவும் நர்ஸும் மெஷினும் காத்திருந்தார்கள். வந்தது ஒரே ஒருவர், கூடத்துக் காவலாளி. அவரும், யாரும் இல்லையென்றால் ஃபேனை நிறுத்திவிடவா என்று கேட்கத்தான் வந்தார்.

பேச்சக்காவுக்கு வந்ததே கோபம். நேரே பஸ் டிப்போவுக்குப் போனார். நம்மவர்களில் பாதிப் பேர் பஸ் ஓட்டுகிறவர்கள். அவர்களுக்குள் பெரிய ஆள் ஒருவர். உருவத்தைப் பார்த்து எல்லாரும் 'மலை' என்று கூப்பிடுவார்கள். ஓய்வறையில் டீ குடித்துக்கொண்டிருந்தவரைப் பிடித்து, ரத்தக் குழாய் அடைப்பு தொடங்கி பெண்டாட்டி பிள்ளைகள் கதிவரை ஒரு பாட்டம் விளாசினார். மலை பொறுமையாகக் கேட்டுவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

"அக்கா, நீங்க பார்த்தாச்சா?"

பேச்சக்கா இதுவரை பார்த்ததே இல்லை.

"எனக்கெதுக்குப்பா? என் உடம்பைப் பாரு."

"நானும் அதையேதான் சொல்றேன். என் உடம்பைப் பாருங்க, ஏதாவது குறையுதா?"

ஓய்வறையே குலுங்கிச் சிரித்தது. பேச்சக்காவுக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. அடுத்த சனிக்கிழமை எல்லார் கண் முன்னாலும் தான் முதலில் ஊசி குத்திக்கொள்வதாகவும், டிப்போ மொத்தமும் வந்து பார்க்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டு வந்தார்.

வந்தார்கள். சோதித்துக்கொள்ள அல்ல, வேடிக்கை பார்க்க. வீட்டுக்காரிகளையும் கூட்டிக்கொண்டு வந்ததில் நாற்காலி போதவில்லை. பேச்சக்கா விரலை நீட்டினார். நர்ஸ் குத்தினார், ஒரு சொட்டு ரத்தத்தை மெஷினில் வைத்தார். அது முனகிக்கொண்டிருந்த நேரமெல்லாம் வலிக்கவே இல்லை என்று இவர் கூட்டத்துக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மா மெஷின் காட்டிய எண்ணைப் பார்த்தார். இன்னொரு முறை பார்த்தார். நாற்காலியை நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, தனியாகப் பேசலாமா என்று தணிந்த குரலில் கேட்டார். பரவாயில்லை, இங்கேயே சொல்லுங்கள் என்றார் பேச்சக்கா. டாக்டரம்மா சொல்லி முடித்ததும், இத்தனை வருஷப் பழக்கம், பேச்சக்கா கூட்டத்தின் பக்கம் திரும்பிக் கணீரென்று சொன்னார்:

"உங்க கெட்ட கொலஸ்ட்ரால் ரொம்ப அதிகமா இருக்கு. ஒல்லியா இருந்தா வராதுன்னு இல்லை. இது பரம்பரையா வந்ததா இருக்கலாம். கையில ரத்தம் எடுத்து இன்னொரு தடவை உறுதி பண்ணணும். மாத்திரை தேவைப்படும்னு நான் நினைக்கிறேன்."

கூட்டத்தில் ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள்.

"யாருக்குக்கா?" என்றார் மலை.

தன் வாய் சொன்னது அப்போதுதான் பேச்சக்காவின் காதில் விழுந்தது.

"எனக்குத்தான்பா."

டாக்டரம்மா அவருடைய அப்பாவைப் பற்றிக் கேட்டார். அப்பா தச்சு வேலை செய்தவர். நாற்பது சொச்ச வயதில், சாப்பிட உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். வேலைக் களைப்பு என்றுதான் வீட்டில் சொல்லிக்கொண்டார்கள். பேச்சக்காவும் அதையே நம்பியிருந்தார். அதை டாக்டரம்மாவிடம் சொன்னார். எதையும் விட்டுவிடக் கூடாது என்பது அவர் வழக்கம் ஆயிற்றே, திரும்பி நம் மொழியிலும் சொன்னார். யாரோ ஒரு பெண் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

மலை எழுந்தார். விரல் மட்டும் போதும் என்று நர்ஸ் சொல்லச் சொல்ல, சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் வரிசை மாடிப்படிவரை நின்றது. அவருடைய கொலஸ்ட்ரால் அளவோடுதான் இருந்தது. அவர் மனைவி நம்பவில்லை, மெஷினைத் தட்டிப் பார்க்கச் சொன்னார். மலை இடுப்பை ஆட்டி ஒரு ஆட்டம் போட்டார். ரத்த அழுத்தம் கூடுதலாக இருக்கிறது, அதற்குத் தனியாக வந்து பாருங்கள் என்று டாக்டரம்மா சொன்ன பிறகுதான் நிறுத்தினார்.

பேச்சக்காவின் கையில் எடுத்த ரத்தமும் முதல் சோதனை சொன்னதையேதான் சொன்னது. மாத்திரை ஆரம்பமானது. ரொட்டி ஆலையில் வேலை பார்க்கும் அவர் கணவர் சமையலறையைக் கைப்பற்றி, எண்ணெயைக் கரண்டியால் அளந்து ஊற்றத் தொடங்கினார். வறுத்ததைக் குறையுங்கள், உப்பைக் குறையுங்கள் என்று எத்தனையோ பேருக்கு மாற்றிச் சொன்னவர், கேட்டவர்கள் ஏன் தன்னை அப்படி முறைத்தார்கள் என்பதைச் சாப்பாட்டு மேசையில் தெரிந்துகொண்டார். ஒருநாள் வேலைக்கு நடுவிலேயே, இந்தப் பத்தியச் சாப்பாட்டை எப்படி வாயில் வைப்பது என்று டாக்டரம்மாவிடம் சொந்தமாக ஒரு கேள்வி கேட்டுவிட்டார். எதிரே இருந்த நோயாளி, தானும் அதைத்தான் கேட்க நினைத்ததாகச் சொன்னார்.

கூடப் பிறந்தவர்களும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றதால், வேறு ஊரில் இருக்கும் தங்கையைக் கூப்பிட்டார். சின்ன வயதிலிருந்து எதிலும் அக்காவோடு போட்டி போடுகிறவள். தனக்கு ஒன்றும் இல்லை என்று இரண்டு வாரம் இழுத்தடித்தாள். பிறகு பார்த்தாள். அவளுக்கும் அதே கதை, அவளுக்கும் மாத்திரை.

இப்போது ஒவ்வொரு சோதனை முடிந்ததும் இருவரும் போனில் கொலஸ்ட்ரால் அளவை ஒப்பிட்டுக்கொள்கிறார்கள். இரண்டு பேருக்கும் நன்றாகவே இறங்கியிருக்கிறது. போன தடவை அக்காவுக்குக் கொஞ்சம் அதிகமாக இறங்கியிருந்தது.

"உங்க ஊரு மெஷின் உனக்கு ஓரவஞ்சனை பண்ணுது" என்றாள் தங்கை. "வர்ற மாசம் லீவு போட்டுட்டு வர்றேன். அதே மெஷின்ல நானும் குத்திக்கிறேன்."

"வாடி. ஸ்டேஷன்ல இறங்கினதும் மலையோட பஸ்ல ஏறு. கூடத்து மாடிப்படி வாசல்லயே கொண்டுவந்து விடுவார்."