சத்தத்தை நிறுத்திவிட்டு வாக்களித்தவர்

நடிகர் தொழிற்சங்கத்தின் வாக்குச்சீட்டு மின்னஞ்சலில் வந்த அதே காலையில்தான் தில்லையம்பலம் அண்ணை இறந்த செய்தியும் வந்தது. ஆண்டுதோறும் உறுப்பினர்கள் வாக்களித்து வழங்கும் நடிப்பு விருதுகளில் 'சிறந்த சிறு வேடம்' என்று ஒரு பிரிவு உண்டு. அதில் மூன்றாவது பெயராக அண்ணையைக் கண்டு, வாழ்த்துச் சொல்லத் தொலைபேசியை எடுக்கப் போனேன். அதற்குள் அது அடித்தது. அண்ணையின் மனைவி செல்வராணி அக்கா.

"தம்பி, அண்ணை போயிட்டார். தேத்தண்ணி குடிச்சிட்டுக் கதிரையில கண்ணை மூடிக்கொண்டு இருந்தவர். நான் நடிச்சுப் பழகிறார் எண்டு நினைச்சன். ரெண்டு தரம் 'பழகினது காணும், எழும்புங்கோ' எண்டனான்."

அக்காவைக் குறை சொல்ல முடியாது. ஜெர்மன் துப்பறியும் தொடர்களில் அண்ணை பதினொரு தடவை பிணமாக நடித்தவர். ஒவ்வொரு தடவைக்கும் முன் ஒரு கிழமை, ஏழு நாளும், வீட்டில் ஒத்திகை நடக்கும்.

அடுத்த சில நாட்களில் எனக்கு வந்த அழைப்புகளில் பாதி துக்கம் விசாரித்தவை. மீதி வாக்கு விசாரித்தவை. எங்களூர்த் தமிழரில் ஒருவரான பரிமளம் அக்கா சுற்றி வளைக்கவில்லை. "தம்பி, அண்ணைக்குத்தானே போடுவியள்? செத்த மனுசனுக்குப் போடாட்டி சனம் என்ன சொல்லும்?"

இக்கட்டுரை அந்தக் கேள்விக்கான பதில். கொஞ்சம் நீண்ட பதில். ஆனால் அண்ணையைத் தெரிந்தவர்களுக்குத்தான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்வீர்கள்.

சில ஆண்டுகளுக்கு முன்புவரை ஜெர்மனியின் பீலெஃபெல்ட் நகரில் நடிப்பைத் தொழிலாகக் கொண்ட தமிழர்கள் அண்ணையும் நானும் மட்டுமே. ஆகவே இந்நகரின் தமிழ் நடிகர்களில் முதல் இரண்டு இடங்களும் நீண்ட காலமாக எங்களிடமே இருந்தன. யார் முதலாவது என்பதில் ஒருநாளும் சச்சரவு எழுந்ததில்லை.

எண்பதுகளில் கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமானநிலையத்தில் வந்து இறங்கியவர் அவர். ஒரு தொலைக்காட்சிப் படத்தில் அகதி வேடத்துக்கு ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனார். அப்போது அவருடைய சொந்த அகதி விண்ணப்பமும் பரிசீலனையில் இருந்தது. இயக்குநர் அவரைப் பார்த்துவிட்டு, நம்பும்படியாக இல்லை என்றார். அதே கிழமையில் அகதி அலுவலகமும் அதையே கடிதத்தில் எழுதியது. "ரெண்டு இடத்திலயும் ஒரே விமர்சனம்," என்று சொல்லிச் சிரிப்பார் அண்ணை. அலுவலகத்தின் முடிவுக்கு எதிராக மேன்முறையீடு செய்து வென்றார். இயக்குநருக்கு எதிராக மேன்முறையீடு செய்ய வழியில்லாததால் மரக்கறிக் கடைக்காரன் வேடத்தை ஏற்றுக்கொண்டார். அதன் பிறகு துருக்கியராகவும் ஈரானியராகவும் ஒருமுறை போர்த்துக்கேயராகவும் வாழ்ந்தார். தமிழனாக நடிக்க அவரை ஒருவரும் அழைக்கவில்லை. அதற்குரிய முகவெட்டு இல்லை என்று கருதியிருக்கலாம்.

வாக்களிக்கும் கிழமை அவர் வீட்டில் ஒரு நோன்பு போல நடக்கும். அண்ணை குளித்து, இஸ்திரியால் மினுக்கின சட்டை போட்டுக்கொண்டு தொலைக்காட்சிக்கு முன் அமர்வார். "வாக்குச்சாவடிக்கு வீட்டில கட்டிற சாரத்தோட போவினமோ?" என்று கேட்பார். பட்டியலில் உள்ள ஐந்து பேரின் படங்களையும் முதலிலிருந்து கடைசிவரை பார்ப்பார். பிறகு அந்தந்தக் காட்சியை மட்டும் சத்தத்தை நிறுத்திவிட்டு மறுபடி பார்ப்பார். "வாய் பேசேக்க எல்லாரும் நல்லா நடிப்பினம். கை என்ன செய்யுது எண்டு பாரும்." முடிவு எடுக்கும்வரை தேத்தண்ணி கிடையாது. அவருக்கு மட்டுமல்ல, அந்த வீட்டுக்குள் இருக்கும் ஒருவருக்கும் கிடையாது. செல்வராணி அக்கா அந்தக் கிழமையில் தங்கை வீட்டுக்குப் போய்விடுவார்.

இத்தனை ஆயிரம் பேர் உள்ள சங்கத்தில் யார் அண்ணை எல்லாவற்றையும் பார்க்கிறார்கள் என்று ஒருமுறை கேட்டேன். என்னைப் பொறுத்தவரை அது தகவல் கேட்கும் கேள்வி அல்ல. அந்த ஆண்டு நான் இரண்டை மட்டுமே பார்த்திருந்தேன்.

"என்ர முதல் அன்ட்ராக்கை மறுத்தவர் அதை வாசிக்கேல்லை," என்றார் அண்ணை, தன் அகதி விண்ணப்பத்தைச் சொல்லி. "பதினாலு பக்கம் எழுதிக் குடுத்தனான். கடிதத்தில என்ர ஊரையே மாத்தி எழுதியிருந்தவர். வாசிச்சிட்டு மறுத்திருந்தா எனக்குக் கோவம் வந்திராது. என்ர ஒரு வாக்கால ஒண்டும் மாறாது எண்டு எனக்குத் தெரியும். அதுக்காக அதைப் பாக்காமப் போடலாமோ?"

இனி என் கதைக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மருத்துவமனைத் தொடரில், ஒரு பெண்ணிடம் அவளுடைய கணவன் பிழைக்கமாட்டான் என்று சொல்லும் வைத்தியராக நடித்தேன். இரண்டு நிமிடக் காட்சி. அதற்காக என் பெயர் அதே சிறு வேடப் பட்டியலில் வந்தது. பீலெஃபெல்டுத் தமிழர் மகிழ்ந்தார்கள். எங்கள் தமிழ்ச் சங்கங்களில் தேர்தலை எப்படி வெல்வது என்பது நம்மவருக்குத் தெரிந்த கலை. முதலில் உறுப்பினரைச் சேர்க்க வேண்டும். இருபத்திமூன்று பேர் நடிகர் சங்கத்துக்கு ஒரே நாளில் விண்ணப்பம் போட்டார்கள். நடித்ததற்கு ஆதாரம் கேட்டது சங்கம். இருபத்திமூன்று பேரும் தங்கள் வீட்டுக் கல்யாண வீடியோவை அனுப்பினார்கள்.

இதில் ஏமாற்று எதுவும் இல்லை. அந்த வீடியோக்களில் எல்லோரும் நடித்துத்தான் இருந்தார்கள். படம் பிடிப்பவர் சிரிக்கச் சொன்ன இடத்தில் சிரித்து, பூங்காவில் மரத்தைச் சுற்றச் சொன்னபோது சுற்றியிருந்தார்கள். ஜெர்மன் அதிகாரிகளுக்கு ஒன்றும் புரியாமல், சேர்க்கைக் குழுவில் இருந்த அண்ணையிடம் பொதியை அனுப்பிவிட்டார்கள்.

வேறு யாராக இருந்தாலும் ஒரே வரியில் நிராகரித்திருப்பார்கள். அண்ணை இருபத்திமூன்று கல்யாணங்களையும் தாலிகட்டிலிருந்து சாப்பாட்டுப் பந்திவரை பார்த்தார். பிறகு ஒவ்வொருவருக்கும் தனித்தனியே, காரணம் சொல்லி, மறுப்புக் கடிதம் எழுதினார். ஒரு மாப்பிள்ளைக்கு, "தாலி கட்டும்போது நீங்கள் பயந்தது உண்மையான பயம். அதை நடிப்பாகக் கணக்கில் எடுக்க இயலாது," என்று எழுதியதாக அந்த மாப்பிள்ளையே என்னிடம் வந்து முறையிட்டார்.

ஒருவருக்கு மட்டும் கடிதம் போகவில்லை. அண்ணையே நேரில் போனார். மணமகளின் பெரியம்மாவாக வந்த பரிமளம் அக்கா, பெண்ணை அனுப்பும்போது அழுதிருந்தார். படம் பிடிப்பவர் வெளிச்சம் சரியில்லை என்று இன்னொருமுறை கேட்டார். மறுபடி அழுதார். மூன்றாவது முறையும் அழுதார். மூன்றிலும் கண்ணீர் ஒரே இடத்தில் இறங்கியது. "தங்கச்சி, நீங்கள் செய்தது தொழில்," என்று சொல்லி, அவரை நடிகர் முகவர் ஒருவரிடம் அனுப்பிவைத்தார் அண்ணை. இன்று பரிமளம் அக்கா முறைப்படி சேர்ந்த சங்க உறுப்பினர். எனக்குத் தொலைபேசியில் உத்தரவு போடும் உரிமை அப்படி வந்ததுதான்.

விருது எனக்குக் கிடைக்கவில்லை. அண்ணை வீட்டில் இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "உங்கட ஒரு வாக்காவது விழுந்திருக்கும்," என்றேன், தன்னடக்கத்தோடு.

"இல்லை. நீர் ரெண்டாவது," என்றார் அண்ணை. "ஆனா கன தூரம் இல்லை."

"அண்ணை, வாக்கு இரகசியம். சொல்லத் தேவையில்லை."

"அது பயந்தவைக்குச் செய்து குடுத்த வசதி. கேளும். அந்த மனிசியின்ர புருசன் சாகப்போறான். உம்மட கை சட்டைப் பையைத் தேடுது. உமக்கு அந்த நேரம் கையை எங்க வைக்கிறதெண்டு கவலை."

மூன்று கிழமை நான் அவரோடு பேசவில்லை. நான்காவது கிழமை அவரே தொலைபேசி எடுத்தார். "கோவம் முடிஞ்சா வாரும். சட்டையை மினுக்கிப் போட்டுக்கொண்டு வாரும்." போனேன். அவர் வாக்களித்த நடிகையின் காட்சியைச் சத்தமில்லாமல் போட்டுக் காட்டினார். பார்த்து முடித்ததும், "அவதான் அண்ணை," என்றேன். அதைச் சொன்னபோது வலிக்கவில்லை என்பது எனக்கே வியப்பாக இருந்தது. அண்ணை சமையலறைப் பக்கம் திரும்பிக் கத்தினார்: "செல்வராணி, தேத்தண்ணி!"

இந்த ஆண்டுப் பட்டியலில் அண்ணையின் பெயர் வந்த வேடம், நகரசபை அலுவலகத்தில் இலக்கச் சீட்டோடு காத்திருக்கும் ஒருவர். வசனம் இல்லை. பலகையில் அவருடைய இலக்கம் விழுகிறது. எழும்புகிறார். பக்கத்தில் கைக்குழந்தையோடு நிற்கும் பெண்ணிடம் சீட்டைக் கொடுத்துவிட்டு, மறுபடி அமர்ந்துகொள்கிறார். இந்நாட்டில் இலக்கம் விழுந்த பிறகும் அமர்ந்திருக்கும் மனிதனைக் காட்டிய முதற் படம் அதுவாகத்தான் இருக்கும்.

வாக்களிக்கும் கடைசி நாளுக்கு முதல்நாள் செல்வராணி அக்கா வீட்டுக்குப் போனேன். சட்டையைப் பார்த்ததும் அக்காவுக்கு விளங்கிவிட்டது. இம்முறை அவர் தங்கை வீட்டுக்குப் போகவில்லை. பக்கத்தில் இருந்தார். ஐந்து படங்களையும் பார்த்தோம். அண்ணையினுடையதைக் கடைசியில் வைத்தேன். பிறகு சத்தத்தை நிறுத்திவிட்டு ஐந்து காட்சிகளையும் மறுபடி பார்த்தோம்.

இரண்டாவது பெயர் வந்த வேடம், ரொட்டி சுட்டு விற்கும் பாண் கடையில் விற்பனைக்கு நிற்கும் ஒரு பெண். நாள்தோறும் இரண்டு பாண் வாங்கும் கிழவர் வருகிறார். அவள் வழக்கம்போல் இரண்டை எடுக்கிறாள். அவர் ஒரு விரலைக் காட்டுகிறார். அவளுடைய கை நடுவழியில் நிற்கிறது. பிறகு ஒன்றைத் திருப்பி வைக்கிறது, உரத்து வைத்தால் அவருக்குக் கேட்டுவிடும் என்பதுபோல.

கணினியில் வாக்கை அனுப்பி முடித்தேன்.

"போட்டாச்சோ?" என்றார் அக்கா.

"ஓம் அக்கா."

"அவருக்கோ?"

"இல்லை அக்கா. அந்தப் பாண்காரிக்கு."

அக்கா இருண்ட திரைப் பக்கம் திரும்பினார். "அந்தக் கை," என்றார். பிறகு எழும்பினார். "இருங்கோ தம்பி, தேத்தண்ணி போடுறன்."

நான் வெளிக்கிடும்போது அக்கா அண்ணையின் ரிமோட்டை என்னிடம் தந்தார். புதிதாக ஒன்று வாங்கிவிட்டாராம். பழையதில் சத்தத்தை நிறுத்தும் பொத்தான் தேய்ந்து வழுவழுவென்று இருக்கிறது. என் தொலைக்காட்சிக்கு அது பொருந்தாது. சோதித்துப் பார்த்தேன். ஆனாலும் மேசையில் வைத்திருக்கிறேன். அண்ணையிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுவும், பார்க்காமல் ஒருவரைப் பற்றியும் முடிவு சொல்லக்கூடாது என்ற பயமும்தான்.

பரிமளம் அக்காவுக்கும் மற்றவர்களுக்கும் பதில் சொல்லியாயிற்று. இனி அண்ணைக்குச் சொல்லவேண்டியதுதான் பாக்கி. நீங்கள் ரெண்டாவது, அண்ணை. ஆனா கன தூரம் இல்லை.